பின்வரிசைக்குத் தெரியாத முடிச்சு: சுங்கை சிப்புட்டில் ஒரு மேடை வடிவமைப்புப் பயிற்சி

முதல் ஒளி ஒத்திகை முடிந்ததும், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய்க் கேட்டேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாடகம் போட்ட மண்டபத்தைத் திறந்து பூட்டுகிறவர் அவர். நாடகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். "எப்படிண்ணே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு சார். கடைசியில அந்தம்மா குனிஞ்சு என்னமோ செஞ்சாங்களே, அது என்னன்னுதான் வெளங்கல."

அந்த 'என்னமோ'தான் எங்கள் நாடகமே. ஒரு தாய் பத்து வெள்ளி நோட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். நாற்பது நிமிடக் கதையும் அந்த முடிச்சை நோக்கித்தான் நகர்கிறது. அது கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் சுவர், சேலை, விளக்கு என்று நாங்கள் செய்த எதற்கும் அர்த்தமில்லை. ஏன் தெரியவில்லை, எப்படித் தெரியவைத்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டப்புறத்தில் நாடகம் போடும் மற்றவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

கதை நடப்பது 1960 வாக்கில். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். அந்தத் துண்டாடலில் வேலையும் லயத்து வீடும் (தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடு) ஒன்றாகவே பறிபோன குடும்பங்கள் ஏராளம். தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன் இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அந்தச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பத்து வெள்ளிதான் எங்கள் நாடகத்துத் தாய் முடிந்துகொள்ளும் நோட்டு. இந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் காட்ட வேண்டும்.

பயிற்சி எட்டுச் சனிக்கிழமைகள் நடந்தது. வந்தவர்கள் பதினான்கு பேர். பெரும்பாலும் படிவம் ஐந்து, அதாவது இடைநிலைப்பள்ளி முடித்த பிள்ளைகள், ஒரு தையல்கார அக்கா, ஒரு வயர்மேன் அண்ணன். மேடையைப் பற்றி யாருக்கும் முன்அனுபவம் இல்லை. முதல் வாரமே அவர்களைக் காட்சி அமைப்பு, உடை, ஒளி என்று மூன்று குழுவாகப் பிரித்துவிட்டேன். ஐந்து வாரம் மூன்று குழுவும் மூன்று மூலையில் உட்கார்ந்து உழைத்தன. அந்தப் பிரிப்புதான் தவறு, அது என்னுடைய தவறு. ஆறாவது வாரம் விளக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது.

மண்டபமும் அளவும்

மேடை 24 அடி அகலம், 14 அடி ஆழம், 3 அடி உயரம். முன்பக்கம் இரண்டு தூண். விளக்கு மாட்டக் கம்பி ஏதும் கிடையாது. கூரையில் குழல் விளக்குகளும் மின்விசிறிகளும்தான். பார்வையாளர் பகுதி சமதரை, நாற்காலிகள் பிளாஸ்டிக்.

முதலில் செய்தது அளந்து வரைந்ததுதான். 1-க்கு 25 என்ற அளவில் வரைவது மேடை வேலையில் வழக்கம். 24 அடி என்பது ஏறக்குறைய 7.3 மீட்டர், தாளில் 29 சென்டிமீட்டர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 6.6 சென்டிமீட்டர் அட்டைப் பொம்மையாகிறாள். காலணிப் பெட்டியை வெட்டி மேடையாக்கி, அந்தப் பொம்மையை உள்ளே நிறுத்தி, தரை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பிள்ளைகள் மாறி மாறிப் படுத்துப் பார்த்தார்கள். ஓரத்து நாற்காலியிலிருந்து வீட்டு வாசல் தெரியவில்லை என்பதை ஒரு தம்பி அந்தப் பெட்டியிலேயே கண்டுபிடித்தான். பக்கச் சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளி, கொஞ்சம் சாய்த்து வைத்தோம். மரத்தை வெட்டிய பிறகு தெரிந்திருந்தால் ஒரு நாள் வேலை வீண்.

அளப்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு இருக்கிறது. 24 விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். பெருவிரல் அகலத்தை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 14 அடிக்கு 16 அடி. அங்கேயே விளக்கைப் பற்றியும் ஒரு குறிப்பு வருகிறது. தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைக்க வேண்டுமாம். இதைப் பாடமாக வாசித்தபோது பிள்ளைகள் தலையாட்டியதோடு சரி. பக்கவாட்டில் விளக்கைப் போட்டதும் எங்கள் இரண்டு தூணும் லயத்து வாசலில் கறுப்புக் கோடாக விழுந்தன. அப்போது ஒரு பெண், "சார், அந்தத் தூண் நிழல்!" என்று கத்தினாள். விளக்குத் தாங்கியை நான்கடி முன்னே இழுத்ததும் நிழல் திரைக்குப் பின்னே ஒதுங்கிவிட்டது.

பேனர் வேண்டாம், மரம் வேண்டும்

காட்சி அமைப்புக் குழுவின் முதல் யோசனை, ரப்பர் தோட்டப் படத்தைப் பெரிய பேனராக அச்சடித்துப் பின்னால் கட்டுவது. செலவும் குறைவு, ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். நான் மறுத்தேன், பிள்ளைகளுக்கு வருத்தம்தான். திருவிழா நாடகங்களில் காட்டுச் சீன், அரண்மனைச் சீன், தெருச் சீன் என்று வரைந்த படுதாக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் போன்றவர்கள் காட்சி ஜோடனைக்கென்றே கூட்டத்தை வரவழைத்தவர்கள். ஆனால் எங்கள் கதையில் ஆள் மரத்தைத் தொட வேண்டும். படத்து மரத்தின் மேல் ஆளின் நிழல் விழுந்தால் அது மரமாக இருக்காது, துணியாகிவிடும். பளபளப்பான பேனர் விளக்கையும் திருப்பி அடிக்கும். சுவிட்சர்லாந்தின் அடோல்ஃப் அப்பியா (1862–1928) நூறு வருடத்துக்கு முன்னால் மல்லுக்கட்டியது இதற்காகத்தான். உடம்பு முப்பரிமாணம், வரைந்த திரை தட்டை, இரண்டையும் ஒரே ஒளியில் நிறுத்தினால் ஒட்டாது என்றார். படிக்கட்டும் தளமும் நிழலும் போதும் என்பது அவர் கட்சி.

சரி, மரத்துக்கு எங்கே போவது? துணிக்கடையில் துணி சுற்றி வரும் தடித்த அட்டைக் குழாய்களைக் கேட்டு வாங்கினோம். அவற்றின் மேல் பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டி, மரத்தூளைத் தூவி, சாம்பலும் பழுப்புமாக வண்ணம் அடித்தோம். மூன்றே மரங்கள். பால் வடிய மரத்தில் போடும் வெட்டுக்கோட்டைப் பிள்ளைகள் கத்தியால் அழகாகக் கீறி, கீழே பால் பிடிக்கும் கிண்ணமான மங்கும் கட்டியிருந்தார்கள்.

நடிக்கும் பெண்ணைக் கூட்டிப்போக வந்த அவளுடைய பாட்டி மரத்தின் முன்னால் நின்றுவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்.

"வெட்டு தப்பா இருக்கே தம்பி."

"ஏன் பாட்டி?"

"எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ வரணும். நீங்க மாத்தி வெட்டிருக்கீங்க."

அவர் கையில் உளி இல்லை. ஆனாலும் விரலை மடக்கி, இடமேலிருந்து வலக்கீழாக ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினார். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடுவதில்லை, சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வடியும். மூன்று மரத்தையும் திருத்தினோம். இந்த ஊரில் நாடகம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கோட்டின் சரிவு கையிலேயே இருக்கிறது. அதைத் தப்பாகக் காட்டினால் பிறகு நாம் சொல்லும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

சேலை

உடைக் குழு எல்லாரையும்விட ஒழுங்காக வேலை செய்தது. தையல்கார அக்கா வீடு வீடாகப் போய்ப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து வந்தார். பால் வெட்டப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துணி கட்டியிருந்தார்கள். கொசு, முள், சிந்தும் பால் எல்லாவற்றுக்கும் அதுதான் காப்பு.

புதுத் துணி மேடையில் புதுத் துணியாகவே தெரியும். அதைப் பழசாக்கக் கற்றுக்கொடுத்தோம். வெள்ளைச் சட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் வெள்ளையின் கூர்மை போய்விடும். பருத்தியில்தான் தேயிலை பிடிக்கும், பாலியஸ்டரில் பிடிக்காது. அக்கா இரண்டு சட்டையை ஒரே வாளியில் முக்கி எடுத்துக் கொடியில் போட்டார். ஒன்று பழுப்பேறித் தொங்கியது, மற்றது முக்கியதற்கு அடையாளமே இல்லாமல் தொங்கியது. அதைப் பார்த்த பிறகு துணியின் லேபிளைப் படிக்காமல் யாரும் எதையும் வாங்கவில்லை. முழங்கையிலும் காலர் மடிப்பிலும் உப்புத்தாள் தேய்த்தோம். பால்கறைக்கு வெள்ளைப் பசையில் கொஞ்சம் பழுப்பு வண்ணம் கலந்து தெளித்தோம், ஏனென்றால் வடியும்போது வெள்ளையாக இருக்கும் பால் துணியில் காய்ந்தால் கறுத்துப் போகும்.

தாய்க்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது அரக்குச் சிவப்புச் சேலை. ஒரு தோட்டத்து அம்மா உடுத்தியிருக்கக்கூடிய நிறம், நடிகைக்கும் பொருந்தியது. குழல் விளக்கில் பார்த்தோம், எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஆறாவது சனிக்கிழமை

திருமண வேலைகளுக்கு ஒலியும் விளக்கும் வாடகைக்கு விடும் கடையிலிருந்து நிறம் மாற்றக்கூடிய ஆறு எல்.இ.டி. விளக்குகள் எடுத்திருந்தோம். அவற்றோடு 500 வாட் ஹாலோஜன் ஃப்ளட்லைட் ஆறும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மரும்.

விளக்கைப் போட்டதும் வரிசையாகக் கோளாறு. பறை ஒலிக்கத் தொடங்கியதும் ஓர் எல்.இ.டி. விளக்கு அடிக்கு அடி சிவப்பு, பச்சை, ஊதா என்று கல்யாண வீடு மாதிரி மின்னியது. அதன் பின்பக்கத்தில் ஒலிக்கேற்ப ஆடும் முறை தேர்வாகி இருந்தது. கட்டுப்பாட்டு மேசையோடு பேசும் முறைக்கு மாற்றி, விளக்குகளுக்கு முகவரி எண் கொடுத்து, எண்ணை ஒட்டுத்தாளில் எழுதி முதுகில் ஒட்டினோம். டி.எம்.எக்ஸ். என்ற அந்த முறையில் ஒரே கம்பி வரிசையில் 512 தடங்கள் போகும். இரண்டு விளக்குக்கு ஒரே முகவரி இருந்தால் இரண்டும் ஒன்றாகவே ஆடும். இது சின்னக் கோளாறு, அரைமணியில் முடிந்தது.

பெரிய கோளாறு மூன்று. மூன்றும் ஒரே காட்சியில்.

லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்திருந்தார்கள். உண்மைக்கு அது சரி. ஆனால் விளக்கு பட்டதும் மேடையிலேயே மிகவும் வெளிச்சமான பொருள் அந்தச் சுவர்தான். அதன் முன்னால் நின்ற நம்மவர்களின் பழுப்பு முகங்கள் இருண்டுபோயின. கண் முதலில் போவது வெளிச்சம் அதிகமான இடத்துக்கு, அதைத் தடுக்க முடியாது.

அடுத்தது, ஒளிக் குழு இரவுக்காக எல்லா எல்.இ.டி.யையும் அடர்நீலத்தில் வைத்திருந்தது. நீல ஒளியில் சிவப்பு இருக்காது, சிவப்புச் சேலையோ சிவப்பைத்தான் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்ப ஒன்றுமே வராததால் அரக்குச் சேலை கறுப்பாகிவிட்டது. கறுத்த சேலையில் போட்ட முடிச்சு எப்படித் தெரியும்? பொதுவாகவே மூன்று நிற எல்.இ.டி.யைக் கலந்து வெள்ளையாக்கினால் நம் தோல் சாம்பல் பூத்துக் களைத்துப்போய்த் தெரிகிறது. நிறங்களுக்கு நடுவே ஒளி இல்லாத இடைவெளிகள் இருப்பதுதான் காரணம். ஹாலோஜனில் அந்த இடைவெளி இல்லை. டிம்மரில் இறக்க இறக்க அது இன்னும் செம்மஞ்சளாகும்.

மூன்றாவது, அந்தத் தாய் தரையில் உட்கார்ந்துதான் முடிகிறாள். மேடை மூன்றடி, மடி அதற்கு மேல் முக்கால் அடி. சமதரையில் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தவருக்கு முன்வரிசைத் தலைகள்தான் தெரியும்.

சுவர்க் குழு, உடைக் குழு, ஒளிக் குழு மூன்றும் தனித்தனியே சரியாகத்தான் செய்திருந்தன. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. அன்று இரவே மூன்று மேசையை ஒன்றாக்கினோம். நடுவில் ஒரு துண்டுச் சேலையும் கைவிளக்கும் வண்ணக் குவளைகளும் வைத்து, இனி யார் எதை மாற்றினாலும் மற்ற இரண்டையும் பக்கத்தில் பிடித்துக் காட்டிய பிறகுதான் என்று முடிவு செய்தோம். முதல் வாரமே செய்திருக்க வேண்டியது.

நம் கூத்துக்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கிறது. தெருக்கூத்தில் கிரீடத்தையும் தோளில் அணியும் புஜகீர்த்தியையும் கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பார்கள். தீப்பந்த வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி மின்னும்போது தூரத்தில் இருப்பவருக்கும் ராஜா தெரிவார். உடை செய்கிறவர் விளக்கை நினைத்துத்தான் உடை செய்திருக்கிறார்.

இரண்டு வாரத்தில் மாற்றியவை

சுவரின் வெள்ளையில் பழுப்பும் கொஞ்சம் கறுப்பும் கலந்து மங்கலாக்கினோம். மழைநீர் வழிந்த கறைகள் விட்டோம். முகம் முன்னே வந்தது.

சேலை மாறியது. அக்கா தேடிப்பிடித்தது, துவைத்துத் துவைத்து வெளுத்த மஞ்சள் பருத்திச் சேலை. கரை மட்டும் அடர்ந்த மாந்தளிர். முடிச்சு விழும் இடத்தில் வெளிர் துணி மேலே வரும்படி முந்தானையை அவரே மடிப்பு மாற்றிக் கட்டிக் காட்டினார். நோட்டைக்கூட உள்ளே ஒரு துணித் துண்டு வைத்துத் தடிமனாக்கினோம்.

இரவை நீலத்தால் நிரப்புவதை விட்டோம். நிலா வெளிச்சம் வெளிர்நீலமாகப் பின்னாலிருந்து மட்டும் வந்தது. அது தோளிலும் தலைமுடியிலும் ஒரு விளிம்பு போட்டு ஆளைச் சுவரிலிருந்து பிரித்துக்காட்டியது. முன்பக்கம் இரண்டு ஓரத்திலிருந்தும் ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் ஹாலோஜன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1930களில் ஸ்டான்லி மெக்கண்ட்லெஸ் வகுத்த முறை இது. ஒரு பக்கம் சூடான நிறம், மறுபக்கம் குளிர்ந்த நிறம், அப்போது மூக்கும் கன்னமும் எழும்பித் தெரியும். எங்கள் சூடான பக்கம் மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்த பக்கம், அதனால் கதைக்கும் பொருந்திவிட்டது.

நிறத்துக்காக ஒரு பையன் கண்ணாடித்தாளை ஹாலோஜன் முன்னால் கட்டிப்பார்த்தான். இரண்டு நிமிடத்தில் உருகிப் புகைந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தச் சூட்டுக்கென்றே செய்யப்பட்ட ஒளிவடிதாளைத் தவிர வேறெதையும் ஹாலோஜனில் கட்டாதீர்கள். துணியையும் அட்டையையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

தாய் உட்காருவதற்கு வீட்டு வாசலில் ஒன்றரை அடியில் திண்ணை கட்டினோம். மரப் பலகைத் தளம், மேலே சிமெண்டு வண்ணம். அவ்வளவுதான், மடி தலைகளுக்கு மேலே ஏறிவிட்டது.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் வெள்ளைச் சட்டையை மட்டும் தேயிலையில் போடாமல் விட்டோம். தோட்டம் விற்கப்பட்ட செய்தியோடு அவர் நுழையும்போது எல்லாக் கண்ணும் அந்த வெள்ளையின் மேல் போக வேண்டும். சுவரில் தப்பாக இருந்த அதே விஷயம் இங்கே வேலை செய்தது.

வயர்மேன் அண்ணன் இல்லையென்றால் நாடகம் இருட்டிலேயே முடிந்திருக்கும். ஏழாவது வார ஒத்திகையில் இரண்டாம் காட்சி பாதியில் எல்லாம் அணைந்துவிட்டது. ஆறு ஹாலோஜன் 3,000 வாட், பின்கட்டில் தேநீருக்குப் போட்ட வெந்நீர்க் கொதிகலன் 3,000 வாட், ஒலிபெருக்கி வேறு. எல்லாம் ஒரே 20 ஆம்பியர் தடத்தில். 230 வோல்ட்டில் அது தாங்குவது 4,600 வாட்தான். அண்ணன் பலகையைத் திறந்து பார்த்து, விளக்குகளை இரண்டு தடத்துக்குப் பிரித்துக் கொடுத்தார். "தண்ணிய ஆறு மணிக்கே கொதிக்க வச்சு பிளாஸ்க்ல ஊத்திடுங்கக்கா" என்று சமையல் பக்கமும் சொல்லிவைத்தார். கம்பிகளைத் தரையோடு ஒட்டி, கதவுகளுக்குக் குறுக்கே எதுவும் போகாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

மின்விசிறி ஒன்று பாக்கி. சுழலும் இறக்கைகளுக்கு நடுவே விளக்கு போனால் மேடை முழுக்கப் படபடவென்று நிழல் துடிக்கும். அணைத்தால் மக்கள் வெந்துவிடுவார்கள். தாங்கியை ஒன்றரை அடி இறக்கினோம். கோணம் கொஞ்சம் தாழ்ந்தது, பின்சுவரில் நிழல் நீண்டது. அதை ஏற்றுக்கொண்டோம்.

அரங்கேற்ற இரவு

நூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். நான் மேடையைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையில் மண்டபத்து அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று அவரைத்தான் பார்த்தேன். அந்த இடம் வந்தது. மற்ற விளக்குகளைப் பத்து விநாடியில் மெல்ல இறக்கி, திண்ணைப் பக்கத்து ஹாலோஜனை மட்டும் விட்டிருந்தோம். தாய் நோட்டை மடித்தாள், முடிந்தாள், பல்லால் கடித்து இறுக்கினாள். பல்லால் கடிப்பது நடிகை தானாகச் சேர்த்தது, தன் பாட்டி அப்படித்தான் செய்வாராம். "காசு முடியுறாங்க" என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இடது ஓரத்து நாற்காலிகளுக்கு மூன்றாவது மரம் கடைசிவரை இடைஞ்சலாகவே இருந்தது. காட்சி மாறும்போது தளம் கிரீச்சிட்டது. மறுபடி செய்தால் முதல் சனிக்கிழமையே ஒரே ஒரு ஹாலோஜனை வாடகைக்கு எடுத்துவந்து, அதன் கீழேயே துணியும் வண்ணமும் தேர்ந்தெடுக்க வைப்பேன். குழல் விளக்கில் எதையும் முடிவு செய்ய விடமாட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு பாட்டி மேடைக்கு ஏறி வந்தார். மரத்தின் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். பிறகு மங்கை எடுத்து, உள்ளே பார்த்து, குப்புறத் திருப்பிக் கம்பியில் மாட்டினார்.

"ராத்திரி மழ பேஞ்சா தண்ணி நிக்கும்ல."